வராத வெள்ளத்தின் கறை

நண்டுபள்ளத்தில் வெள்ளம் வருவதற்கு மூன்று நாள் முன்பே வெள்ளத்தின் கறை வந்துவிடும். வானம் வெளுத்துக் கிடக்கும், வெயிலுக்குக் காக்கைகூட நிழல் தேடும், கடல் சோம்பல் முறித்துக்கொண்டு கிடக்கும், அந்த நேரத்தில் ஊரிலிருக்கும் அத்தனை சுவர்களிலும், ஓட்டு வீட்டுச் சுவர், காரை வீட்டுச் சுவர், ரேஷன் கடைச் சுவர், மாரியம்மன் கோயில் மதில், கட்சிக்காரர்கள் அடிதடி நடத்திப் பிடித்து வைத்திருக்கும் விளம்பரச் சுவர் என்று எதையும் விடாமல், வெள்ளம் வடிந்த பிறகு விட்டுப்போகுமே அதே பழுப்புக் கோடு, அதே சேற்று வாடையோடு, அங்கங்கே ஒட்டிய வைக்கோலும் குட்டி நத்தையுமாக, ஈரம் காயாமல் வந்து உட்கார்ந்திருக்கும். மூன்றாம் நாள் கழிந்ததும் தண்ணீர் வரும். வந்து, அந்தக் கோட்டை ஒரு விரல்கூடக் கூடாமல் குறையாமல் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். ஏன் வருகிறது, எப்படி வருகிறது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கரண்டு ஏன் போகிறது என்று கேட்டுக் கேட்டே அலுத்துப்போன ஊர் அது.

முதல்முதலாகக் கறை வந்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தெற்குத்தெருத் தையல்காரி பூரணம் கதவைத் திறந்து வெளியே வந்தவள், முந்தின வாரம்தான் வெள்ளையடித்த தன் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு ஓடுவதைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கனகுதான் மீன் கழுவிய தண்ணீரை விசிறியடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, உச்சிவெயில் வரைக்கும் கனகுவின் பிறந்தவீடு புகுந்தவீடு இரண்டையும் தெருவில் இழுத்துப்போட்டுத் திட்டினாள், பிறகு ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கோடு திரும்ப வந்தது. மூன்றாம் நாள் முடிந்த விடியலில் தண்ணீரும் வந்தது. ஊறிப்போன பின்சுவர் இடிந்து, உள்ளே படுத்திருந்த அவள் தம்பி மணவாளனின் முதுகில் விழுந்தது. அன்றோடு இடுப்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் சொந்தமில்லாமல் போயிற்று. கனகுவிடம் பூரணம் அந்த வாரமே மன்னிப்புக் கேட்டுவிட்டாள். தம்பியிடம் மட்டும் பதினோரு வருஷமாகக் கேட்க முடியவில்லை.

இரண்டாம் தடவை கறை வந்தபோது ஊருக்குச் சங்கதி புரிந்துவிட்டது. புரிந்ததும் ஊர் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது, அதாவது முதலில் அதை வைத்துச் சண்டை போட்டது. எங்கள் சுவரில் கறை முழங்காலைத் தாண்டியதே இல்லை என்று மேலத்தெருக்காரர்கள் பீற்றிக்கொண்டார்கள். எங்களுக்கெல்லாம் இடுப்பளவு, நாங்கள் பார்க்காத தண்ணீரா என்று தெற்குத்தெருக்காரர்கள் அதிலும் ஒரு கௌரவம் கண்டுபிடித்தார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் சுவரில் பழைய தழும்பு எந்த உயரம் என்று பார்த்த பிறகுதான் காபியைக் கையில் வாங்கினார்கள். ஊர்த்தலைவர் சபாபதி தன் வீட்டு மானத்தைக் காப்பாற்ற முன்சுவர் முழுக்கப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டினார். அடுத்த கறை டைல்ஸின்மேல் வந்தது, முன்னைவிடத் தெளிவாக.

இந்தக் கூத்தெல்லாம் ஓய்ந்த பிறகு ஊர் தானாக ஒரு ஒழுங்குக்கு வந்தது. கறை வந்த காலையில் பூரணம் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவாள். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற அதே முகத்தோடு சுவருக்கு அளவெடுப்பாள். கணுக்கால் என்றால் அரிசி டின் பரண் ஏறும், முழங்கால் என்றால் ஆடுகள் மேட்டுக்குப் போகும், இடுப்பு என்றால் ஊரே மேட்டுக்குப் போகும், படகுகளை இழுத்துக்கொண்டுபோய் மேட்டில் கட்டுவதற்கு வடக்குத்தெரு, படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்குவதற்குத் தெற்குத்தெரு, சமையலுக்கு மேலத்தெரு. மேட்டில் தூண்கள்மேல் கால் தூக்கி நிற்கிற புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி கோயில் உண்டியலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திறக்கலாம். இப்படியே நான்காவது வெள்ளமும் கடந்தது. நண்டுபள்ளத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை.

அதுதான் அவர்கள் செய்த குற்றம். அரசாங்கத்தின் படிவத்தில் இழந்ததை எழுதத்தான் கட்டங்கள் இருந்தன, இழக்காததை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. செத்தவர் எத்தனை, இல்லை. இடிந்தது எத்தனை, இல்லை. மிதந்துபோன ஆடு எத்தனை, இல்லை. இல்லை இல்லை என்று எழுதிக் கைவலித்த அதிகாரி ஒருவர், கடைசியில் ஊர்ப்பெயருக்கு நேரே ‘பாதிப்பு: இல்லை’ என்று மொத்தமாக எழுதி, ஆபத்தான ஊர்களின் பட்டியலிலிருந்தே நண்டுபள்ளத்தை எடுத்துவிட்டார். அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது, ஒவ்வொரு வருஷமும் சொல்பேச்சுக் கேட்காமல் தவறாமல் மூழ்கிய இன்னொரு ஊர்.

பிறகு ‘முன்கூட்டி’ வந்தது. அது ஒரு தொண்டு நிறுவனம். பேரிடருக்கு முன்பே மக்களைச் செயல்படவைப்பது அதன் வேலை. நான்காம் வெள்ளம் வடிந்து பதினெட்டு நாள் கழித்து வெள்ளைக் கார்களில் வந்து இறங்கினார்கள். ரோகிணி மேடம் என்ற பெண், நல்ல பெண்தான், எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, கோலப்பொடியால் தரையில் ஊரை வரையச் சொன்னார், வரைந்தார்கள். பிறகு அந்த ஊரில் தண்ணீர் எந்தப் பக்கமாக வரும் என்று காட்டச் சொன்னார், காட்டினார்கள். பிறகு, தண்ணீர் வருவதற்கு முன்பே நீங்கள் என்ன செய்யலாம் என்று சிந்தித்துப் பாருங்கள் என்றார். கனகு கையைத் தூக்கி, “நாங்கதான் செஞ்சிட்டோமே மேடம்” என்றாள். அது சமூகத்தின் பாரம்பரிய அறிவு, அதை ஆவணப்படுத்துவோம், ஆனால் நடவடிக்கைக்கு உறுதிசெய்யப்பட்ட ஒரு தூண்டுதல், அதாவது வானிலை ஆபீஸ் எச்சரிக்கை மாதிரி ஒன்று, வேண்டும் என்றார் மேடம். கறை அவர்களுடைய தூண்டுதல் பட்டியலில் இல்லை. பூரணத்தை மாவட்டத் தலைநகரில் ஏசி ஹாலுக்கு அழைத்துப்போய் மூன்று நிமிஷம் பேசவிட்டு, ஒரு தொப்பியும் விசிலும் கொடுத்து அனுப்பினார்கள்.

போகும்போது அவர்கள் செய்துவிட்டுப் போன காரியம்தான் பெரியது. முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி, இருநூறு விசில், மிதவைச் சட்டைகள், ‘விழிப்போடு இருப்போம்’ என்று எழுதிய பேனர்கள், இதையெல்லாம் பாதுகாப்பு மையத்துக்குள் அடுக்கி, அடுக்கியது களவுபோகக் கூடாதே என்று பூட்டி, சாவியைப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூவணத்தூர் தாலுகா ஆபீஸில் ஒப்படைத்துவிட்டார்கள். ஐந்தாம் வெள்ளத்தில் தெற்குத்தெரு ஆட்கள் மூன்று பேர் அந்தப் பூட்டைக் கதவோடு உடைத்தார்கள், ஊர் பிழைத்தது, பொதுச்சொத்தைச் சேதப்படுத்திய வழக்கில் மூன்று பேரும் இன்றைக்கும் மாதம் ஒருமுறை கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். உடைந்த மரக்கதவுக்குப் பதில் இரும்புக் கதவு வந்தது, கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: முறையான எச்சரிக்கை கிடைத்த பிறகே மையத்தை முன்கூட்டியே திறக்க வேண்டும். அதை வாசித்துப் பார்த்த மணவாளன் சிரித்ததில் கட்டிலே ஆடிற்று.

மணவாளன் ஜன்னலோரம் கட்டிலில் படுத்தபடியே செல்போன் ரிப்பேர் செய்கிறவன். உடம்பில் வேலை செய்கிற பாதியில் நாக்குதான் முதலிடம்.

கார்த்திகை மாதம், ஒரு திங்கட்கிழமை, பளீரென்ற காலை. பூரணம் வெளியே வந்து சுவரைப் பார்த்தாள். கோடு இல்லை. நல்லவேளை என்று திரும்பப் போனவளின் கையில் ஈரம் பட்டது. சுவர் முழுக்க நனைந்திருந்தது. முழங்காலில் தேடினாள், இடுப்பில் தேடினாள், தலைக்கு மேலே நாடாவை எறிந்து தேடினாள். கூரையின் ஓடுகளில் சேறு படிந்திருந்தது, ஓட்டின் முகட்டில் ஒரு நத்தை மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் எந்த வீட்டிலும் கோடு இல்லை, ஏனென்றால் கோடு போடுகிற உயரத்துக்கு அங்கே எந்த வீடும் இல்லை. சபாபதியின் மாடிவீட்டில் மட்டும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பழுப்பாகத் தெரிந்தது. பூரணம் மேட்டுக்கு ஓடினாள். பாதுகாப்பு மையத்தின் தூண்களில் ஈரம் ஏறி ஏறிப் போய், மேல்தளத்துத் தரைக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது. அங்கேதான் கோடு. அதற்கு மேலே பூட்டு.

ஊர் கூடிற்று. டவுனில் சொந்தம் இருந்தவர்கள் அன்றைக்கே பஸ் ஏறினார்கள். மற்ற அறுநூறு பேருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. மேற்கே போகப் போக வயல்தான், அது நண்டுபள்ளத்தைவிடப் பள்ளம், அங்கே சுவர்களுக்குச் சொல்லத் தெரியாததால் மட்டும் ஜனங்கள் நிம்மதியாக இருந்தார்கள். வடக்குத்தெருக்காரர்கள் கடப்பாரையோடு மேட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் முயன்றார்கள். கடப்பாரைதான் வளைந்தது.

“நீ போயி சாவிய வாங்கிட்டு வா பூரணம், ஒனக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும்” என்றாள் கனகு.

பூரணம் எட்டாவது வரை படித்தவள். முத்துமுத்தாக எழுதினாள்: ‘ஐயா, எங்கள் ஊரில் கறை வந்துவிட்டது. ஓட்டுக்கு மேலே வந்துவிட்டது. வியாழக்கிழமை தண்ணீர் வரும். பாதுகாப்பு மையத்தின் சாவியைத் தந்து உதவுங்கள். மிக அவசரம்.’

தாலுகா ஆபீஸில் சாவிகளுக்குப் பொறுப்பான உதவியாளர் கஜேந்திரன் சலவைச் சட்டைக்காரர். மடிப்புக் கலையாமல் வருவார், மடிப்புக் கலையாமல் போவார். மனுவை இரண்டு விரலால் வாங்கினார்.

“நண்டுபள்ளமா? பாதிப்பில்லாத ஊராச்சேம்மா அது.”

“பாதிக்கக் கூடாதுன்னுதான் சார் வந்திருக்கேன்.”

“சாவிய நானா தூக்கிக் குடுத்துட முடியாது. மேல அனுப்பி உத்தரவு வாங்கணும். செத்த ஒக்காருங்க.”

மனுவின் சாரத்தை அவர் கம்ப்யூட்டரில் தட்டி மாவட்டத்துக்கு அனுப்பினார். பூரணம் வாசல் வேப்பமரத்தடியில் நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தாள். பதில் வந்ததும் அவரே கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்: “நண்டுபள்ளம் கிராமத்தினர் அனைவரும் நலமுடன் கரை வந்து சேர்ந்தமை குறித்து இவ்வலுவலகம் மகிழ்ச்சி அடைகிறது. எனவே மையத்தைத் திறக்க வேண்டிய அவசியம் எழவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.” வாசித்துவிட்டு, “வாழ்த்துகள்மா” என்றார்.

பூரணம் திரையை எட்டிப் பார்த்தாள். நண்டுபள்ளத்தில் கரை வந்துவிட்டது என்று அடித்திருந்தார்.

“சார், நான் எழுதுனது கறை. நீங்க அடிச்சிருக்கறது கரை. பெரிய ற போடணும் சார்.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா? சொல்லும்போது வித்தியாசமா தெரியுது?”

“இது அழுக்குக் கறை சார். நீங்க போட்டது கடற்கரை.”

“ஒரு எழுத்துல என்னம்மா கெட்டுப்போச்சு? சரி, திருத்தணும்னா புதுசா ஒரு மனு எழுதிட்டு நாளைக்கு வாங்க.”

பதினோரு வருஷத்துக்கு முன்னால் தான் பிழிந்து பிழிந்து துடைத்த ஈரத்துணி பூரணத்துக்கு ஞாபகம் வந்தது. இந்த மனுஷனும் துடைக்கிறான், என்ன, இவன் கையில் ஈரம்கூடப் படவில்லை என்று நினைத்தாள். கோபத்தோடே கும்பிட்டுவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை புது மனுவில் ற என்ற எழுத்தைத் தடிமனாக எழுதி, அடியில் மூன்று கோடு போட்டுக் கொண்டுபோனாள். கஜேந்திரன் இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தார்; அந்த அளவுக்கு அவர் யோக்கியர்தான். அவர் அடித்துக்கொண்டிருந்தபோது பூரணத்தின் கண் அவருடைய தலைக்குப் பின்னால் போயிற்று. ஆபீஸ் சுவரில், தலைவர்கள் படங்களுக்குக் குறுக்காக, ஈரமாக, வைக்கோல் ஒட்டிக்கொண்டு, கறை. நண்டுபள்ளத்தைத் தாண்டி அது போனதே கிடையாது. அவள் யாரையும் கேட்காமல் நாடாவை எடுத்து அளந்தாள்.

“ஆறரை அடி சார். ஒங்களுக்கும் வருது. மேல மாடியில எதையாச்சும் ஏத்திக்குங்க.”

கஜேந்திரன் திரும்பிப் பார்த்தார். “சீலிங் ஒழுகுது. பொதுப்பணித்துறைக்கு எழுதியாச்சு” என்றார். எழுதியதோடு நிற்காத பொறுப்பானவர் அவர், நனைந்துபோகுமே என்று கவலைப்பட்டு, பியூனைக் கூப்பிட்டு, மேலடுக்குகளில் இருந்த கோப்புகளையெல்லாம் இறக்கித் தரையில் அடுக்கச் சொன்னார். பியூன் அடுக்கினான். பூரணம் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள்.

அன்றைக்குச் சாவியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. பொழுது சாய வீட்டுக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நாளைக்கு எல்லாரும் படகுல ஏறிக் கட்டிக்கிட்டு ஒக்காந்துடுங்க” என்றான் மணவாளன். “என்னைய இங்கயே உடு. கட்டிலு மரந்தானே, மெதக்கும்.”

“வாய மூடுடா.”

“நெசமாத்தான் சொல்றேன் அக்கா. நாலு பேரு என்னையத் தூக்கிக்கிட்டு நின்னா அந்த நாலு பேரும் போவானுவ.”

பூரணத்துக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாகத் தொண்டைக்குள் நின்றது அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. “நாந்தான்டா தொடைச்சேன். அன்னைக்கு வந்த கறைய நாந்தான் தொடைச்சேன். ஒன்னைய அன்னைக்கே வெளியில கூட்டிட்டுப் போயிருக்கணும்.”

“தெரியும். ஜன்ன வழியா பாத்துக்கிட்டுதானே நின்னேன்.” அவன் கையிலிருந்த செல்போனைக் கீழே வைத்தான். “கனகக்காவத் திட்ட நாலு வார்த்த நாந்தானே எடுத்துக் குடுத்தேன், மறந்துட்டியா? அது மொதக் கறை, அக்கா, யாருக்கும் வாசிக்கத் தெரியல. இப்பத் தெரிஞ்சும் வாசிக்க மாட்டேங்கறானுவ பாரு, அவனுவள நெனைச்சு அழு.”

புதன்கிழமை காலையில்தான் உண்மையான அதிசயம் நடந்தது. சுவரில் கறை வந்ததையெல்லாம் சாதாரணமாக எடுத்துக்கொண்ட ஊர், இதை மட்டும் இன்றைக்கும் நம்ப முடியாமல் பேசிக்கொண்டிருக்கிறது: அரசாங்கத்துக்கு எழுதிய மனுவுக்கு மறுநாளே லாரி வந்தது.

சுண்ணாம்பு லாரி. பீப்பாய்கள், வெள்ளையடிக்கிற மட்டைகள், மூங்கில் ஏணிகள், பன்னிரண்டு ஆட்கள், அவர்களுக்கு அப்பாவு என்ற மேஸ்திரி. மாவட்டத்தில் தூய்மை வாரம் நடந்துகொண்டிருந்தது, அதில் வெள்ளையடித்த ஊர்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, ஊர் முழுக்கக் கறை, ஓட்டுக்கு மேலேயும் கறை, மிக அவசரம் என்று ஒரு மனு போனால் விடுவார்களா? அப்பாவு மேஸ்திரி உத்தரவை விரித்து வாசித்தார். “அனைத்து வீடுகள், மற்றும் பொதுக் கட்டடங்கள், உள்ளும் புறமும்.” வாசித்துவிட்டு, தாலுகா ஆபீஸில் வாங்கிவந்த சாவிக்கொத்தை மடியிலிருந்து எடுத்தார். அதில் பாதுகாப்பு மையம் என்று பொறித்த தகர வில்லையோடு பெரிய சாவி ஒன்று தொங்கிற்று.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாவியைப் பார்த்தது. சபாபதி பாய்ந்து பிடுங்கலாமா என்று ஒரு காலை முன்னால் வைத்தார். பூரணம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். பிடுங்கினால் மேஸ்திரி போன் போடுவார், போலீஸ் வரும், வெள்ளத்துக்கு முன்பே அது வந்துவிடும்.

“அண்ணே, வீட்டுக்குள்ளயும் வெள்ளையடிக்கணும்ல?” என்றாள்.

“உள்ளும் புறமும்னு போட்டிருக்கும்மா.”

“அப்ப வீட்டு சாமானெல்லாம் வெளியில எடுக்கணும்ல? பொங்கலுக்கு நாங்க அப்படித்தான் எடுப்போம். மண்ணுல வச்சா அழுக்காயிடும்ணே. மேட்டுல அந்தக் கட்டடத்துல வச்சுக்கறோம். மொதல்ல அத அடிச்சு முடிச்சுக் கதவத் தொறந்து வைங்க.”

மேஸ்திரி யோசித்தார். நியாயமான பேச்சாகத்தான் பட்டது. “ஆனா ஆளுங்க யாரும் உள்ள தங்கக் கூடாதும்மா. சாமான் மட்டுந்தான்.”

“சாமான் மட்டுந்தாண்ணே.”

அன்று பகல் முழுவதும் நண்டுபள்ளம் சாமான் ஏற்றியது. அரிசி டின் ஏறியது, தையல் மிஷின் ஏறியது, ஆடுகள் ஏறின, ஆட்டை மேய்க்க ஆள் வேண்டாமா என்று ஆட்டுக்காரர்கள் ஏறினார்கள், தொட்டில் ஏறியது, தொட்டிலுக்குள் இருந்ததை மேஸ்திரி கவனிக்கவில்லை, அடுப்பு ஏறியது, அடுப்போடு மேலத்தெருப் பெண்கள் ஏறினார்கள், படகுகள் மேட்டுக்கு இழுபட்டு வந்து தூண்களில் கட்டுண்டன, முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலிகளும் வெளியே பறந்தன, விசில்களைச் சின்னஞ்சிறுசுகள் எடுத்துக்கொண்டன. தெற்குத்தெரு ஆட்கள் நான்கு பேர் மணவாளனைக் கட்டிலோடு சுமந்து ஏறினபோது மேஸ்திரி குறுக்கே வந்து நின்றார்.

“இது என்னம்மா?”

“நானும் சாமாந்தாண்ணே” என்றான் மணவாளன். “தேஞ்சது, ரிப்பேரு. ஓரமா வச்சுட்டுப் போகச் சொல்லுங்க.”

மேஸ்திரி அவனைப் பார்த்தார், வரிசையாகப் படியேறுகிற ஊரைப் பார்த்தார், வெளுத்த வானத்தைப் பார்த்தார். பிறகு பூரணத்தைத் தனியாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், “ரெண்டு கோட்டு அடிச்சும் அந்தத் தூண்ல இருக்கற கோடு மறையலையேம்மா, என்னது அது?” என்றார். அவள் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் எந்தத் தூண்டுதலும் தேடவில்லை, எந்த மேலிடத்தையும் கேட்கவில்லை. தன் பன்னிரண்டு ஆட்களையும் கூப்பிட்டு, மட்டையைக் கழுவி வைத்துவிட்டு மேலே ஏறச் சொன்னார். பதினோரு வருஷத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் ஒரே தடவையில் நம்பியது அதுதான்.

வேறெங்கோ போவதாக இருந்த புயல் வியாழக்கிழமை விடிகாலையில் தலையைத் திருப்பியது. காலை எட்டு மணிக்குக் கடல் எழுந்து வந்து தெற்குத்தெருவை மூடியது, பிறகு வடக்குத்தெருவை, பிறகு சபாபதியின் டைல்ஸை. முந்தின நாள் அடித்த வெள்ளைச் சுவர்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போவதை அறுநூறு பேரும் மேலேயிருந்து பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே அழுதார்கள், தன் வீடு போவதைப் பார்த்துக்கொண்டு யார்தான் சும்மா இருப்பார்கள். தண்ணீர் தூண்களில் ஏறி ஏறி வந்து, தரைக்கு ஒரு சாண் கீழே, அந்தக் கோட்டில் மூக்கை வைத்து நின்றது. அப்போது மணவாளனின் கையிலிருந்த, பூரணம் மனுவில் நம்பர் கொடுத்திருந்த செல்போன் சிணுங்கிற்று. அவன் எல்லாருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தான்: “முறையான எச்சரிக்கை கிடைக்கப்பெற்றதால் நண்டுபள்ளம் பாதுகாப்பு மையத்தைத் திறந்துகொள்ளலாம். சாவியை அலுவலகத்தில் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.” அழுதுகொண்டிருந்த ஊர் வாய்விட்டுச் சிரித்தது. சற்று நேரத்தில் ரோகிணி மேடமும் செய்தி அனுப்பினார், நடவடிக்கைக்கு முன் ஒரு படம், நடவடிக்கைக்குப் பின் ஒரு படம், இரண்டு படம் வேண்டும் என்று.

வெள்ளிக்கிழமை காற்று அடங்கி, தண்ணீர் ஓர் ஆள் உயரம் இறங்கியதும் வடக்குத்தெருக்காரர்கள் படகுகளை அவிழ்த்தார்கள். எந்தப் பக்கம் போவது என்று பேச்சு வந்தது.

“பூவணத்தூர் தாலுகா ஆபீஸ்” என்றாள் பூரணம். “அங்க ஆறரை அடி. மொட்ட மாடியில நிப்பாங்க. மொதல்ல அங்க போங்க.”

“அவங்களுக்கா?” என்று கேட்டாள் கனகு, கேட்டவள் முகத்தில் நல்ல நெருப்பு.

“அளந்தது நானு. ஒருதடவ தெரியாம தொடைச்சேன். தெரிஞ்சே இன்னொருதடவ தொடைக்கச் சொல்றியா?”

கனகு போய்ப் படகுக்காரர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

நடுப்பகலில் முதல் படகு திரும்பி வந்தது. அதில் ஏழெட்டுப் பேர் சுருண்டு கிடந்தார்கள். படகின் முன்முனையான அணியத்தில், ஊறி உப்பிய ஒரு கோப்புக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மடிப்பெல்லாம் கலைந்து, கஜேந்திரன் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கண் மூடாதவருக்கு வெளிச்சம் கூசிற்று. எதிரே நின்ற வெள்ளைத் தூண்கள் என்னவென்று புலப்படவில்லை.

“கரை வந்துடுச்சா?” என்று கத்தினார். “யாராச்சும் சொல்லுங்களேன், கரை வந்துடுச்சா?”

பூரணம் சுண்ணாம்பு ஏணியைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்து விளிம்புக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் அறுநூறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். தம்பியின் கட்டிலையும் விளிம்புக்கு இழுத்துப் போட்டார்கள்.

“எந்தக் கரை சார்?” என்று கேட்டாள். “சின்ன ரவா, பெரிய றவா?”

கஜேந்திரன் அண்ணாந்து பார்த்தார். குரலை அடையாளம் தெரிந்துவிட்டது. பிறகு மெதுவாகக் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையில், கழுத்துக்கு இரண்டு விரல் கீழே, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை ஒரு பழுப்புக் கோடு ஓடிற்று. காலரின் ஓரத்தில் ஒரு குட்டி நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

“பெரிய ற, அம்மா” என்றார்.

பூரணம் ஏணியை இறக்கினாள்.